கொஞ்சம் திருப்பிக் காட்டுங்க

பெங்களூருவில் தும்கூர் ரோடு பிஐஇசி கண்காட்சி அரங்கமோ, பேலஸ் கிரவுண்ட்ஸ் பந்தலோ, புதுச் சாதனம் வைத்திருக்கும் மேஜையைச் சுற்றி நிற்கிற கூட்டத்தில் இரண்டு குரல் கேட்கும். முன்வரிசையில் மொபைலை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டே "செம்மயா இருக்குல்ல" என்பவர்கள் ஒரு பக்கம். அவர்கள் தோளுக்குப் பின்னாலிருந்து நீளும் கை இன்னொரு பக்கம்: "தம்பி, கொஞ்சம் திருப்பிக் காட்டுங்க." எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் சர்வீஸ் பெஞ்ச் வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்வி அது. அடிப்பக்க ஸ்டிக்கரில் எத்தனை வோல்ட், எங்கே செய்தது, மூடியைப் பிடித்திருப்பது ஸ்க்ரூவா பசையா என்று பத்து விநாடியில் படித்துவிடுவார்கள். அந்த ஸ்டிக்கரைக் காட்டத் தயங்குகிற ஸ்டாலில் மேற்கொண்டு நிற்பதில்லை.

முதல் குரலைத் தப்பென்று சொல்லவில்லை. வாய் பிளக்க வைக்கத்தான் லட்சக்கணக்கில் செலவழித்து அந்த மேஜையை அமைக்கிறார்கள். ஆனால் அந்த வியப்பில் பாதி, மேஜைக்குச் சேர வேண்டியது. விளக்கு, பின்திரை, தரை, தனி வைஃபை, ஒத்திகை பார்த்த வாக்கியம் எல்லாம் சாதனத்துக்குச் சாதகமாக வைக்கப்பட்டவை. அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரிக்கும்போது இவை எதுவும் கூட வராது. 2010 ஜனவரியில் லாஸ் வேகாஸில் நடந்த சிஇஎஸ் எலக்ட்ரானிக்ஸ் கண்காட்சியில் முப்பரிமாண டிவிக்கு முன்னால் திரண்ட கூட்டத்தின் வியப்பும் உண்மையான வியப்புதான். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் நாலு பேரும் கண்ணாடி மாட்டிக்கொண்டு டிவி பார்ப்பார்களா என்பதை மட்டும் அந்தக் கூட்டம் சொல்லவில்லை. 2017-ல் எல்ஜியும் சோனியும் அந்த வசதியையே நிறுத்திவிட்டன.

டிவியிலிருந்தே தொடங்கலாம். ஏமாறுவதற்கு இதைவிட வசதியான இடம் இல்லை. ஸ்டாலில் ஓடும் டிவி 'விவிட்' அல்லது கடை மோடில் இருக்கும். வெளிச்சம் உச்சத்தில், வெள்ளை கொஞ்சம் நீலம் பாய்ந்து, நிறங்கள் தேவைக்கு மேல் ஏற்றப்பட்டிருக்கும். ஓடும் படமும் அதற்கென்றே எடுத்தது: கறுப்புப் பின்னணியில் மெதுவாகத் தெறிக்கும் வண்ணப்பொடி, தேன், கிளி. வீட்டில் ஓடப்போவது செய்தி சேனலும் கிரிக்கெட்டும் பழைய பாட்டும். அதனால் மூன்று காரியம் கேளுங்கள். பிக்சர் மோடை 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' என்று மாற்றச் சொல்லுங்கள். படம் மங்கி மஞ்சளடித்த மாதிரி தெரிந்தால் பயப்பட வேண்டாம், இரண்டு நிமிடத்தில் கண் பழகும், அதற்குப் பிறகு தெரிவதுதான் அந்த டிவியின் நிறம். யூட்யூபில் ஏதாவது பழைய பாட்டை 480 தரத்தில் ஓடவிடச் சொல்லுங்கள். குறைந்த தரப் படத்தை அந்த டிவி எப்படிப் பெரிதாக்குகிறது என்பது முகங்களின் ஓரத்தில் தெரிந்துவிடும். கடைசியாக, திரையை ஒரு நிமிடம் அணைக்கச் சொல்லுங்கள். உங்கள் சட்டைப் பொத்தானை எண்ணும் அளவுக்குப் பிரதிபலிப்பு இருந்தால், ஹாலில் ட்யூப்லைட்டுக்கு எதிரே அந்த டிவியை மாட்ட முடியாது.

8கே என்ற எழுத்தைப் பார்த்து மயங்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 55 அங்குலத் திரையின் உயரம் சுமார் 68 செ.மீ. குறையில்லாத கண்ணுக்கு ஃபுல் ஹெச்டியின் புள்ளிகள் தனித்தனியாகத் தெரிவது ஏறக்குறைய 2.2 மீட்டர் வரைதான். 4கே-வின் புள்ளி தெரிய 1.1 மீட்டருக்குள் வர வேண்டும். 8கே என்றால் அரை மீட்டர், அதாவது கை நீட்டினால் திரையைத் தொடும் தூரம். ஸ்டாலில் எல்லோரும் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்ப்பதால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். வீட்டு சோஃபா டிவி மாட்டும் சுவரிலிருந்து எத்தனை அடி என்று அளந்து குறித்துக்கொண்டு போங்கள். ஸ்டாலிலும் அத்தனை அடி பின்னால் தள்ளி நின்று பாருங்கள். பணத்தைத் திரையின் புள்ளிகளில் போடுவதா, அளவில் போடுவதா என்ற கேள்விக்கு அங்கேயே விடை கிடைக்கும்.

ஒளி ஊடுருவும் டிவிக்கும் இதே கண்ணோட்டம் வேண்டும். 2024 சிஇஎஸ்ஸில் எல்ஜி காட்டிய 77 அங்குல ஓஎல்இடி டி-யைப் பார்த்தவர்கள் எல்லோரும் அதன் பின்னால் கை வைத்துப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், கறுப்பு என்றால் அணைந்த புள்ளி. திரை கண்ணாடியாக இருக்கும்போது அணைந்த புள்ளிக்குப் பின்னால் உள்ள சுவர்தான் கறுப்பின் இடத்தில் தெரியும். அதனால்தான் ஸ்டாலில் பின்னணியை இருட்டாக்கி வைக்கிறார்கள். அதனால்தான் அந்த டிவிக்குள்ளேயே கீழிருந்து எழும்பும் கறுப்புத் திரைச்சீலை ஒன்றையும் வைத்திருக்கிறார்கள். படம் நன்றாகத் தெரிய வேண்டுமென்றால் ஊடுருவலை மூட வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தத் திரை ஒரு கடைக் கண்ணாடியிலோ அருங்காட்சியகத்திலோ எவ்வளவு பொருத்தமாக இருக்கும் என்பதும் புரியும்.

சத்தம் அடக்கும் இயர்பட்ஸ் விஷயத்தில் கண்காட்சி அரங்கம் பாதி பொய் சொல்லும், பாதி உண்மை சொல்லும். வெளிச் சத்தத்தை மைக்கில் பிடித்து, அதற்கு எதிரான அலையை உள்ளே விட்டு அழிப்பதுதான் அதன் வேலை. நிலையாக, தாழ்ந்த சுருதியில் ஓடும் இரைச்சலுக்குத்தான் அது நன்றாக வேலை செய்யும். அரங்கத்தின் ஏசி குழாய் இரைச்சல் அந்த ரகம். காதில் வைத்ததும் உலகமே அடங்கிவிட்ட மாதிரி இருக்கும். ஓடும் பஸ்ஸின் இன்ஜின் உறுமலையும் இதே போல் அடக்கும். சில்க் போர்டு சிக்னலில் திடீரென்று அடிக்கும் ஹார்னையும், பக்கத்து சீட்டில் ஃபோன் பேசுபவரின் உயர்ந்த குரலையும் அடக்காது. அதற்குக் காதை இறுக்கி மூடும் ரப்பர் முனைதான் காவல். முனை சரியான அளவா என்று பார்க்க, பாட்டு ஓடும்போது இரண்டு பட்ஸையும் விரலால் லேசாக அழுத்துங்கள். பாஸ், அதாவது தாழ்ந்த சுருதி, கூடினால் அதுவரை காற்று கசிந்திருக்கிறது, அடுத்த அளவு முனையைக் கேளுங்கள். பலர் காதில் போன முனை என்பதால் துடைத்துத் தரச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

அரங்கம் உண்மை சொல்லும் பாதி, மைக். அந்த இரைச்சலுக்கு நடுவிலிருந்து வீட்டுக்கு ஒரு ஃபோன் போட்டு, "நான் பேசறது கேக்குதா, சுத்தி இருக்கற சத்தம் கேக்குதா?" என்று கேளுங்கள். இவ்வளவு கடுமையான பரீட்சையை எந்தக் கடையிலும் வைக்க முடியாது. ஒன்றை மட்டும் சாதனத்தின் கணக்கில் எழுதாதீர்கள்: பாட்டு விட்டுவிட்டு அறுந்தால் அதற்கு அரங்கமே காரணமாக இருக்கலாம். ப்ளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஆயிரக்கணக்கான மொபைல்களும் வைஃபைகளும் நெருக்கியடிக்கும் இடம் அது. "கட்டாகுது, வேஸ்ட்" என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லும் வீடியோக்களை நம்ப வேண்டாம்.

இனி, பெங்களூருத் தமிழர்கள் கேட்டே ஆக வேண்டிய, ஆனால் கேட்பவர் குறைவாக இருக்கும் விஷயம்: இது தமிழ் பேசுமா, தமிழைக் காட்டுமா?

குரலால் இயங்கும் ஸ்பீக்கர், மூக்குக்கண்ணாடி, பொம்மை எதுவானாலும் ஸ்டால்காரர் ஒரே வாக்கியத்தைத்தான் நூறு முறை சொல்லிக் காட்டுவார். அந்த வாக்கியம் ஓடும். நீங்கள் வீட்டில் பேசும் தமிழில் பேசிப் பாருங்கள். "சாயங்காலம் அஞ்சே முக்காலுக்குப் பால் வாங்கணும்னு ஞாபகப்படுத்து" என்று சொன்னால் 5:45-க்கு நினைவூட்டல் வைக்க வேண்டும். 5 மணி என்று வைத்தால் கால், அரை, முக்கால் அதற்குத் தெரியாது. "நாளன்னைக்கு" என்று சொல்லி எந்தத் தேதியை எடுக்கிறது என்று பாருங்கள். அப்புறம் நம் ஊர்க் கலவை: "மாரத்தஹள்ளில இருந்து மெஜஸ்டிக் போக எவ்ளோ நேரமாகும்?" தமிழ் வாக்கியத்துக்குள் கன்னட ஊர்ப் பெயரும் ஆங்கிலச் சொல்லும் வரும்போதுதான் பெரும்பாலானவை தடுமாறும். அல்சூர் என்று சொல்லிப் பாருங்கள், ஹலசூரு என்றும் சொல்லிப் பாருங்கள். ஏட்டுத் தமிழை மட்டும் படித்து வளர்ந்த கருவி, "வாங்கணும்" என்பதை "வாங்க வேண்டும்" என்று சொன்னால்தான் பிடிக்கும். வீட்டில் பாட்டி அப்படிப் பேச மாட்டார்.

பாட்டியைக் கூட்டிக்கொண்டு போக முடிந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். கருவி வேகமான, தெளிவான இளைஞர் குரலுக்குப் பழகியது. பல் போன குரல், நடுவில் யோசித்து நிறுத்தும் குரல் அதற்குக் கஷ்டம். பாதி வாக்கியத்தில் நிறுத்தினால் முடிந்துவிட்டது என்று நினைத்துப் பதில் சொல்லத் தொடங்கும். யாருக்காக வாங்கப் போகிறோமோ அவர் குரலில்தான் சோதனை வைக்க வேண்டும்.

எழுத்துச் சோதனை இன்னும் எளிது. ஸ்மார்ட்வாட்ச், கைப்பட்டை, மூக்குக்கண்ணாடி எதுவானாலும், அதனுடன் இணைந்திருக்கும் மொபைலுக்கு ஒரு தமிழ் செய்தி அனுப்பச் சொல்லுங்கள்: "கொழுக்கட்டை, சௌந்தர்யா, ஸ்ரீ". கட்டம் கட்டமாக வந்தால் தமிழ் எழுத்துருவே இல்லை. அதைவிட மோசம், எழுத்து வந்து வரிசை குலைவது. 'கொ' கணினிக்குள் க முதலிலும் ஒகரக் குறி பின்னாலுமாகத்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது அந்தக் குறியைப் பிளந்து, கொம்பை க-வுக்கு முன்னாலும் துணைக்காலைப் பின்னாலும் வைக்க ஒரு தனி மென்பொருள் வேண்டும். விலை குறைந்த வாட்ச்களில் ஓடும் சின்ன இயக்கமைப்பில் அது இருப்பதில்லை. கொம்பு பின்னால் போய், நடுவில் புள்ளிவட்டம் முளைத்து, வீட்டிலிருந்து வந்த செய்தியைப் படிக்கவே முடியாது. "அப்டேட்ல சரியாயிடும் சார்" என்பார்கள். எந்தத் தேதிக்குள் என்று கேளுங்கள். தேதி இல்லாத வாக்குறுதிக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

குரல் சோதனையோடு ஒட்டி இன்னொன்று. மொபைலை ஃப்ளைட் மோடில் போட்டு, சாதனத்தின் வைஃபையையும் அணைக்கச் சொல்லி, அதே கேள்வியைக் கேளுங்கள். பதில் நின்றுபோனால் மூளை எங்கோ ஒரு சர்வரில் இருக்கிறது என்று அர்த்தம். அதில் தவறில்லை, ஆனால் அந்த சர்வரின் ஆயுள்தான் சாதனத்தின் ஆயுள். சட்டையில் குத்திக்கொள்ளும் ஹியூமேன் ஏஐ பின் 2024 ஏப்ரலில் 699 டாலருக்கும், அதற்கு மேல் மாதம் 24 டாலர் சந்தாவுக்கும் வந்தது. 2025 பிப்ரவரியில் ஹெச்பி அந்த நிறுவனத்தின் சொத்துகளை 11.6 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த மாதம் 28-ம் தேதியோடு சர்வர் நின்றது, வாங்கியவர்கள் கையில் இருந்த பின் பேசுவதை நிறுத்தியது. ஒரு வருடம்கூட ஆகவில்லை. பெங்களூரு ஸ்டார்ட்அப் மேஜைகளில் நம்பிக்கையோடு உழைக்கும் பிள்ளைகளிடம் இதைக் கேட்பது அவர்களை மட்டம் தட்டுவதாகாது. "கம்பெனி நின்னுபோனா இது என்ன ஆகும்?" என்ற கேள்விக்கு யோசித்து வைத்த பதில் இருக்கிற நிறுவனம், பொருளையும் யோசித்துத்தான் செய்திருக்கும்.

ரோபோ வாக்கூமுக்குக் கூட்டம் எப்போதும் கூடும். 2025 சிஇஎஸ்ஸில் ரோபோராக் காட்டிய சாரோஸ் இஸட்70, மடித்து வைத்த கையை வெளியே நீட்டித் தரையில் கிடந்த சாக்ஸைத் தூக்கியபோது அதைப் பார்க்காதவர்கள் குறைவு. அந்தக் கை தூக்கும் எடை 300 கிராம் வரை. சாக்ஸ், கசங்கிய காகிதம் வரை சரி; கனமான ஆண் செருப்பு ஒற்றைக்கே சந்தேகம். அந்தக் கையை விட்டுவிட்டு அடிப்பக்கத்தைப் பாருங்கள், நம் வீட்டுச் சண்டை எல்லாம் அங்கேதான்.

பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் பாஸ்கல் எண், மோட்டாரின் வாயை அடைத்து வைத்து அளக்கும் உறிஞ்சு அழுத்தம். தரையில் காற்று கசியும்போது அது கிடைக்காது. 20,000 பாஸ்கல் என்பது 10,000-ஐப் போல இரு மடங்கு சுத்தம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நம் வீட்டில் கேட்க வேண்டியவை வேறு. கோலமாவு: அரிசிமாவோ கல்மாவோ இரண்டும் நுண்ணிய பொடி, ஃபில்டரைச் சீக்கிரம் அடைக்கும். ஃபில்டரைக் கழுவலாமா, உதிரி ஃபில்டர் இங்கே கிடைக்குமா, விலை என்ன என்று கேளுங்கள். கழுவினால் ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுத்தான் மாட்ட வேண்டும், ஈரத்தோடு மாட்டினால் பொடி பசையாகி இறுகும். அரிசிமாவு கிடக்கும் வாசல் பக்கம் உறிஞ்சலும் துடைப்பும் ஒரே ஓட்டத்தில் விடாமல், முதலில் உலர ஓடவிட்டுப் பிறகு துடைக்க விட வேண்டும். அந்த வரிசையை ஆப்பில் அறைவாரியாக மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். நீண்ட முடியும் மல்லிகைச் சரத்தின் நாரும் பிரஷ்ஷில் சுற்றும். பிரஷ்ஷை ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் கழற்ற வருகிறதா என்று ஸ்டாலிலேயே கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பாத்ரூம், பால்கனி வாசலில் இருக்கும் தடுப்புக் கல்லை ஸ்கேலால் அளந்து போங்கள். சாதாரண மாடல்கள் சுமார் 2 செ.மீ. உயரத்துக்கு மேல் ஏறாமல் நின்றுவிடும். கட்டிலுக்கு அடியில் 10 செ.மீ. கூட இடைவெளி இல்லையென்றால், தலையில் லேசர் கோபுரம் வைத்த மாடல் உள்ளே நுழையாது.

தண்ணீர் தனிக் கதை. நகரத்தில் பல வீடுகள் போர்வெல், டேங்கர் தண்ணீரில் ஓடுகின்றன. உப்பு கூடிய அந்தத் தண்ணீர், துடைக்கும் தொட்டியின் நுண்துளையிலும், ரோபோ திரும்பி வந்து நிற்கும், துணியை வெந்நீரில் கழுவும் டாக்கின் சூடேற்றியிலும் வெள்ளைப் படிவமாகும். மிச்சப்படுத்துவதாக நினைத்து ஆர்ஓ கழிவு நீரை இதில் ஊற்றுகிறவர்கள் உண்டு. அது இன்னும் மோசம். உப்பெல்லாம் ஒன்றுசேர்ந்த தண்ணீர் அது. கையால் வீடு துடைக்க அந்த நீர் போதும். ரோபோவுக்கு நல்ல நீரே ஊற்ற வேண்டும்.

மடிக்கும் ஃபோனைப் பார்த்ததும் எல்லோரும் செய்வது மடிப்பதும் விரிப்பதும். செய்யுங்கள், ஆனால் திரையை அணைத்துவிட்டுச் சாய்த்துப் பிடித்து மேல் விளக்கின் கோடு மடிப்பைத் தாண்டும்போது எவ்வளவு வளைகிறது என்று பாருங்கள். படம் ஓடும்போது மடிப்பு ஒளிந்துகொள்ளும். இரண்டு லட்சம் மடிப்பு தாங்கும் என்று எழுதியிருந்தால், நாளுக்கு நூறு முறை திறப்பவருக்கு ஐந்தரை வருடம். எண் பெரிய சிக்கலில்லை, தூசிதான் சிக்கல். தூசி, நீர் தடுப்புக்கான தரக் குறி ஐபி48 என்றால் அதில் நாலு என்ற எண் தூசிக்கானது, ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துகளைத்தான் தடுக்கும். மெட்ரோ வேலை நடக்கும் சாலைப் புழுதி அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. 2019-ல் சாம்சங் முதல் ஃபோல்டை விமர்சகர்களிடம் கொடுத்தபோது, திரைமேல் இருந்த படலத்தைப் பாதுகாப்பு ஸ்டிக்கர் என்று நினைத்துச் சிலர் உரித்துவிட்டார்கள், திரை போனது. சில ஃபோன்களில் கீல் இடுக்கு வழியாகத் துகள் உள்ளே போனது. விற்பனையை ஏப்ரலிலிருந்து செப்டம்பருக்குத் தள்ளினார்கள். இன்றைய மாடல்கள் எவ்வளவோ தேறிவிட்டன. உள்திரை மாற்ற எவ்வளவு என்ற தொகையை மட்டும் வாயால் கேட்காமல் எழுதி வாங்குங்கள்.

ஸ்மார்ட் மோதிரத்தில் நம் ஊர்ப் பெயரே முன்னால் நிற்கிறது. அல்ட்ராஹியூமன் பெங்களூரு நிறுவனம்தான். மோதிரம் எதுவானாலும் ஸ்டாலில் போட்டுப் பார்த்து அளவு சொல்லாதீர்கள். விரல் ஒரே நாளுக்குள் கொஞ்சம் வீங்கும், கொஞ்சம் சுருங்கும். அளவுப் பெட்டியில் வரும் பொம்மை மோதிரத்தை ஒரு நாள் முழுக்க, தூங்கும்போதும் போட்டிருந்து பிறகு அளவைச் சொல்ல வேண்டும். பேட்டரி மாற்ற முடியாது என்பதையும் தெரிந்து வாங்குங்கள்.

விலை கேட்டதும் எல்லோரும் டாலரை ரூபாயால் பெருக்குவார்கள். அமெரிக்க விலையில் அங்குள்ள விற்பனை வரி சேராது. நம் எம்ஆர்பியில் ஜிஎஸ்டி அடக்கம், இறக்குமதி என்றால் சுங்கமும் அடக்கம். இரண்டையும் நேராக ஒப்பிடக் கூடாது. "அமெரிக்காலேர்ந்து அண்ணன் வரும்போது வாங்கிட்டு வரச் சொல்லலாம்" என்கிறவர்கள் முதலில் அந்த ஸ்டிக்கரைப் படிக்க வேண்டும். 100–240 வோல்ட் என்று போட்டிருந்தால் பிளக் மாற்றி போதும். 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் இருந்தால், நம் 230 வோல்ட்டில் சொருகிய அன்றே புகையும். ரோபோ வாக்கூம் டாக்கும் மிக்ஸி வகைகளும் பெரும்பாலும் இந்த ரகம். வாரன்டியும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடலாம்.

வெளியே வரும் வழியில் 'கண்காட்சிச் சலுகை' என்று பவர் பேங்க் விற்கும் மேஜை இருக்கும், அங்கே நின்று ஸ்டிக்கரைத் திருப்பாமல் வாங்காதீர்கள். 20,000 எம்ஏஹெச் என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, அதாவது 74 வாட்-ஹவர். 5 வோல்ட்டாக ஏற்றி வெளியே விடும்போது 15 சதவீதம் சூடாகப் போனால்கூட, மிச்சம் 12,600 எம்ஏஹெச் அளவுதான் மொபைலுக்கு வரும். நல்ல தயாரிப்பாளர் இந்த எண்ணையும் சின்ன எழுத்தில் போட்டிருப்பார். 100 வாட்-ஹவருக்குள் இருப்பதால் விமானத்தில் கைப்பையில் கொண்டுபோகலாம், பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது. பிறகு இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் பதிவு எண்: ஆர் என்ற ஆங்கில எழுத்து, ஒரு கோடு, எட்டு இலக்கம். மொபைலில் பிஐஎஸ் கேர் ஆப்பைத் திறந்து, பதிவு எண் சரிபார்க்கும் இடத்தில் அந்த எண்ணைப் போட்டால், யார் பெயரில், எந்தப் பொருளுக்கு, எந்த பிராண்டுக்கு அந்தப் பதிவு என்று வரும். சார்ஜருக்கு வாங்கிய எண்ணைப் பவர் பேங்கில் ஒட்டியிருந்தாலோ, பிராண்ட் பெயர் வேறாக வந்தாலோ, மேஜையிலேயே வைத்துவிட்டு மெட்ரோவுக்கு நடங்கள்.